கழற்றும் வரிசை

மண்ணியல் படித்தவர்களுக்கு ரெங்கம் என்பது ஊர்ப்பெயர் மட்டுமன்று, ஒரு மண்ணின் பெயரும்கூட. தீபகற்ப மலேசியாவில் கருங்கல் பாறை சிதைந்து உண்டான, ஆழமான, மஞ்சள் கலந்த பழுப்பு மண்ணை அவர்கள் ‘ரெங்கம் வகை’ என்றே குறிக்கிறார்கள். ஜொகூர் மாநிலத்தில் குளுவாங்குக்குத் தெற்கே, 1909இல் ஜொகூர் பாருவை எட்டிய இரயில் பாதையை ஒட்டி வளர்ந்த சிற்றூர்தான் ரெங்கம். நெடுங்கால மழையில் சத்தெல்லாம் கழுவப்பட்டுப்போன இந்த மண்ணில் புளிப்பு அதிகம். தண்ணீர் நன்றாக வடியும், போட்ட உரமும் அதோடு சேர்ந்து வடியும். ஆகவே இங்கே முதலில் ரப்பர் எனும் பால்மரமும் பிறகு செம்பனையும் நட்டவர்கள் மண்ணில் இல்லாததை மூட்டை மூட்டையாக வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. செம்பனைக்குப் போடும் உரங்களில் முதன்மையானது பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி குளோரைடு. மூட்டையை ஏற்றிக்கொண்டு தோட்டப் பாதையில் போகும் மோட்டார் சைக்கிளின் எஞ்சின்மீதும் அது படிகிறது. ரப்பர் பாலை உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலமும் பல பத்தாண்டுகளாக இதே வண்டிகளின் முதுகில்தான் பயணம் செய்துவந்திருக்கிறது. இவற்றோடு ஆண்டு முழுவதும் ஓயாத ஈரமும் சேரும்போது, எஞ்சின் மூடியில் இருக்கும் 6 மில்லிமீட்டர் திருகாணி கழல மறுப்பதில் வியப்பில்லை.

கழலாத திருகாணியைப் பற்றிப் பேச மண்ணிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. திருகாணி இறுகிப்போவதும் அது கெட்டுப்போவதும் ஒரே நிகழ்ச்சி என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அவை இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்தால் நடப்பவை. இறுகுவது இடத்தின் வேலை. வேதியியலும் வெப்பமும் ஆண்டுக்கணக்கில், யாரும் பார்க்காமல் அதைச் செய்துமுடிக்கின்றன. கெடுவது கையின் வேலை. கழற்ற வந்த ஒருவர் சில விநாடிகளில் அதைச் செய்துவிடுகிறார். இறுகியது பெரும்பாலும் கழலக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. கெட்ட பிறகுதான் அது சிக்கலாகிறது. அந்தச் சில விநாடிகளில் உண்மையில் என்ன தவறுகிறது என்று பார்த்தால், பலம் கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்பதைவிட, செயல்களின் வரிசை பிசகிவிட்டது என்பதே சரியாக இருக்கும். திரும்பப் பெற முடியாத செயலை, திரும்பப் பெறக்கூடிய செயல்களுக்கு முன்னால் செய்துவிடுகிறோம். பட்டறையில் கைத்திறன் என்று மெச்சப்படுவதில் பெரும்பகுதி இந்த வரிசையைப் பற்றிய அறிவுதான் என்பது என் எண்ணம்.

முதலில் இடத்தின் வேலையைப் பார்ப்போம். கப்சாய் எனப்படும் பழைய சிறு மோட்டார் சைக்கிளின் எஞ்சின் உறை அலுமினியக் கலவை, அதில் முடுக்கிய திருகாணி எஃகு. இரண்டு உலோகங்களுக்கும் இடையே உப்புக் கலந்த ஈரம் நின்றால் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது, அந்த ஓட்டத்தில் கரைவது அலுமினியம். காற்றுப் பட்டதும் அலுமினியத்தின்மேல் தானாகப் படரும் காப்புப் படலத்தைக் குளோரைடு துளைத்துவிடுவதால் வேலை இன்னும் விரைவுபடுகிறது. கரைந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறி மரைகளின் இடுக்கில் தங்குகிறது. அந்தப் பொடிக்கு, தான் இழந்த உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். இடமில்லாத இடத்தில் அது வளரும்போது மரையோடு மரையை நெருக்கிப் பூட்டிவிடுகிறது. எல்லோரும் வாய்க்கு வந்தபடி ‘துரு’ என்று சொன்னாலும், இந்தப் பூட்டில் இரும்புத் துருவின் பங்கு சிறிது. திருகாணியை வெளியே எடுத்துப் பார்த்தால் தண்டு ஓரளவு நன்றாகவே இருக்கும், அதன் மரைகளுக்கு நடுவே சுண்ணாம்பு அப்பினாற்போல் வெண்மை ஒட்டியிருக்கும். புகைக்குழாயைச் சிலிண்டர் தலையோடு சேர்க்கும் ஸ்டட் எனும் தலையில்லாத திருகுத் தண்டின் கதை வேறு. அங்கே நட்டும் ஸ்டட்டும் எஃகு, சூடும் அதிகம், எனவே பிடித்திருப்பது உண்மையான துரு. ஒரே எஞ்சினில் இரண்டு விதப் பிடிப்பு இருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போடும் எண்ணெய் பாதி வீண்.

அரிப்பே இல்லாத இடத்திலும் திருகாணி இறுகும் என்பதை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 6 மில்லிமீட்டர் திருகாணியைச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கினால், அது மூடியை எஞ்சினோடு ஏறத்தாழ 800 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அழுத்திப் பிடிக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் இந்தப் பிடிப்பாக மாறுகிறது. மீதி உராய்வுக்குப் போகிறது. அதிலும் ஏறத்தாழப் பாதி, தலையின் அடிப்பகுதி மூடியோடு உரசும் இடத்திலேயே செலவாகிறது. ஹோண்டா கப் வகை எஞ்சின்களில் எண்ணெயிலுள்ள அழுக்கைச் சுழற்சியால் ஒதுக்கும் ஒரு மூடி கிளட்ச்சின் முகத்தில் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் சிறு திருகாணிகள் வாழ்நாள் முழுவதும் எண்ணெயில் நனைந்தே கிடப்பவை. துருவுக்கு அங்கே வழியே இல்லை. ஆனாலும் கப் எஞ்சினைப் பிரிப்பவர்கள் மிகுதியாகத் தலையைத் தேய்த்துவிடுவது அந்தத் திருகாணிகளில்தான். அரிப்பை மட்டுமே குற்றவாளியாக்கும் விளக்கம் இந்த ஓர் இடத்தில் நின்றுபோகிறது.

இனிக் கையின் வேலை. இந்த வண்டிகளின் திருகாணித் தலைகளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால், கூட்டல் குறி வெட்டுக்குப் பக்கத்தில் ஊசி குத்தியதுபோல் ஒரு சிறு புள்ளி பல திருகாணிகளில் தெரியும். ஜப்பானியத் தரத்தில் செய்த தலை என்பதற்கு அது அடையாளம். பட்டறைகளில் ‘ஸ்டார்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் திருப்புளி பெரும்பாலும் இன்னொரு தரத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்று, கார் ஆலைகள் வழியே உலகமெங்கும் பரவிய வடிவம் அது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் பிலிப்ஸ் முனை ஜப்பானிய வெட்டுக்குள் முழுதாக அமர்வதற்குள் நுனி அடியில் முட்டி நின்றுவிடும், பக்கச் சுவர்களில் முழுமையாகப் பதியாது. முறுக்கியதும் சுவரின் சரிவில் ஏறி வழுக்கும். ஒருமுறை வழுக்கினால் நான்கு மூலைகளும் கொஞ்சம் உருண்டுவிடும். அடுத்த முறை இன்னும் எளிதாக வழுக்கும். மூன்றாம் முறை அது கூட்டல் குறியே அல்ல, ஒரு கிண்ணம். 1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பின் குடும்பம் 2017இல் 10 கோடி வண்டிகளைக் கடந்தது. அத்தனை வண்டிகளும் போய்ச் சேர்ந்த நாடுகளில், பொருந்தாத திருப்புளியால் நிகழ்ந்த சேதம் துருவால் நிகழ்ந்ததைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்புவது கடினம்.

இங்கேதான் வரிசை முக்கியமாகிறது. தலையின் வெட்டு செலவாகும் பொருள். ஒவ்வொரு தவறான முயற்சியும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, எடுத்ததைத் திருப்பித் தருவதில்லை. ஆகவே முதலில் செய்ய வேண்டியவை எதையும் செலவழிக்காத காரியங்கள். வெட்டுக்குள் அடைந்திருக்கும் மண்ணையும் பெயின்டையும் கூரான கம்பியால் சுரண்டி எடுப்பது, முனையை வைத்துப் பார்த்து ஆட்டம் இருக்கிறதா என்று சோதிப்பது, பொருந்துகிற முனையைத் தேடி எடுப்பது ஆகியவை. அடுத்தது நேரத்தை மட்டும் செலவழிக்கும் காரியம்: ஊடுருவும் எண்ணெயை விட்டு ஊற வைப்பது. அதற்கடுத்து, முனையை வைத்துத் தலைமேல் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவது, கழற்றுவதற்கு முன் இம்மியளவு முடுக்கும் பக்கம் அசைத்துப் பார்ப்பது. பொடிப் பூட்டு எந்தப் பக்கம் உடைந்தாலும் நமக்கு லாபம்தான். இதுவரை செய்ததில் எதுவும் பலிக்காவிட்டாலும் திருகாணி தொடங்கிய நிலையிலேயே இருக்கிறது. வரிசையின் முழுப் பயனும் இதுதான். தோற்றுப்போன முயற்சி, அடுத்த முயற்சியின் வாய்ப்பைக் குறைத்துவிடக் கூடாது.

பொறுமையாக, மென்மையாகச் செய்யுங்கள் என்று சொல்லும் வழக்கமான அறிவுரையாக இதை எடுத்துக்கொண்டால் பிழையாகிவிடும். இம்பாக்ட் டிரைவர் அந்த அறிவுரைக்கு நேர் எதிர்ச் சாட்சி. கனத்த உருளை வடிவக் கைக்கருவி அது. உள்ளே சாய்வான தடம் இருக்கும். பின்பக்கம் சுத்தியலால் ஓங்கி அடித்தால் அடியின் ஒரு பகுதி முனையைத் தலைக்குள் அழுத்துகிறது, ஒரு பகுதி தடத்தின் வழியே சிறு திருப்பமாக மாறுகிறது. முனை வழுக்கி மேலே வர முயலும் அதே கணத்தில் அதைக் கீழே அழுத்தும் விசையும் இருப்பதால் வழுக்கலுக்கு இடமில்லை. அடியின் அதிர்ச்சி மரையிடுக்கின் வெள்ளைப் பூட்டையும் உடைக்கிறது. கைத்திருப்புளியை மெதுவாக, மேலும் மேலும் அழுத்தித் திருப்புவது பார்க்கப் பக்குவமாகத் தெரியும். உண்மையில் தலையை வழித்தெடுப்பது அதுதான். ஓர் ஓங்கிய அடி பார்க்க முரட்டுத்தனம், ஆனால் தலையைக் காப்பாற்றுவது அதுதான். எவ்வளவு பலம் என்பதைவிட அந்தப் பலம் எந்தத் திசையில், எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் வருகிறது என்பதே கணக்கு. கருவியைக் கழற்றும் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோமா என்று அடிக்கும் முன் பார்த்துக்கொள்வதும் அந்த வரிசையில் ஒரு படி. மறந்தால் அதே அடி திருகாணியை இன்னும் முடுக்கிவிடும்.

சூடுபடுத்துவதைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும், எனவே சூடாக்கினால் துளை அகன்று திருகாணி லேசாகிவிடும் என்பார்கள். கணக்கிட்டுப் பார்க்கலாம். 6 மில்லிமீட்டர் துளையை 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால், துளைக்கும் தண்டுக்கும் இடையே கிடைக்கும் கூடுதல் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 7 பங்குகூட இல்லை. தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு அது. அதே நேரத்தில் மூடியின் அலுமினியம் நீளவாக்கிலும் விரிந்து தலையை மேலே தள்ளுவதால் பிடிப்பு இன்னும் கூடுகிறது. அப்படியிருந்தும் சூடு பலிக்கிறது. இரண்டு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிந்து, ஆறும்போது வெவ்வேறு அளவில் சுருங்கும் அசைவில் பூட்டு விரிசல் விடுகிறது. ஆறிவரும்போது விட்ட எண்ணெய் அந்த விரிசலுக்குள் இறங்குகிறது. ஆக, இங்கே வேலை செய்வது சூடும் ஆறலும் மாறி மாறி வரும் முறை. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கசியும் எஞ்சினுக்குப் பக்கத்தில் தீயைக் கொண்டுபோவது, திரும்பப் பெற முடியாத செயல்களின் பட்டியலில் முதலிடம் பெறும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கழலாவிட்டால், எதையாவது இழந்துதான் ஆக வேண்டும். எதை இழப்பது என்பதிலும் வரிசை இருக்கிறது. மலிவானது முதலில் போகட்டும். தண்டைவிடச் சற்றுப் பெரிய டிரில் பிட்டால் தலையை மட்டும் துளைத்து எடுத்துவிட்டால் மூடி கையோடு வந்துவிடும். உராய்வில் பாதி தலைக்கடியில் இருந்தது என்று முன்பு பார்த்தோம். தலை போனதும் அந்தப் பாதியும் போகிறது, 800 கிலோ இழுவையும் தளர்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பூட்டு இடுக்கியால் பிடித்துத் திருப்பினால் பல சமயம் எளிதாகவே வந்துவிடுகிறது. இதற்கு மாறாக, எடுத்த எடுப்பில் தண்டின் நடுவே துளையிட்டு ‘ஈஸி அவுட்’ எனும் இடதுபுரி எடுப்பானைச் செலுத்துகிறவர் மிகப் பெரிய இழப்பை முதலில் பந்தயம் வைக்கிறார். கடினப்படுத்திய எஃகில் செய்த அந்த எடுப்பான் நொறுங்கும் தன்மை உடையது. உள்ளே உடைந்து நின்றுவிட்டால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. ஒரு வெள்ளி பெறாத திருகாணிக்காகத் தொடங்கிய வேலை, எஞ்சின் உறையை மின்பொறி அரிப்பு இயந்திரம் உள்ள பெரிய பட்டறைக்குக் கொண்டுபோவதில் முடியும். பெயரில்தான் ‘ஈஸி’ இருக்கிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் முதலாவது நேரம். பால்மரத்தில் பால் நன்றாக இறங்குவது விடியற்காலையில். சீவப் போகிறவர் இருட்டோடு வண்டியை எடுத்தாக வேண்டும். ‘எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வைத்திருங்கள்’ என்று அவரிடம் சொல்வது ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்வதுதானே? நியாயமான கேள்வி. ஆனால் மேலே சொன்ன படிகளில் காத்திருப்பைக் கேட்பது ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் நிமிடக் கணக்கில் முடிபவை. நேரம் இல்லையென்றால் அந்த ஒரு படியைத் தாண்டி, தலையைத் துளைத்து எடுக்கும் படிக்கு நேராகப் போகலாம். அது முடிவெடுத்துச் செய்யும் இழப்பு, அதன் விலை முன்கூட்டியே தெரியும். வழுக்கி வழுக்கித் தலை கிண்ணமாவது யாரும் முடிவெடுக்காமல் நேரும் இழப்பு, அதன் விலை கடைசியில்தான் தெரியும். அவசரக்காரருக்கு இந்த வேறுபாடு மற்றவரைவிட அதிகம் தேவை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. அனுபவமுள்ள மெக்கானிக் இந்தப் படிகள் எதையும் ஏறுவதில்லையே. வண்டியைப் பார்த்ததும் இம்பாக்ட் டிரைவரை எடுத்து ஒரே அடியில் கழற்றிவிடுகிறாரே? அவர் படிகளை விட்டுவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. கண்ணாலும் காதாலும் அவற்றைக் கடந்துவிடுகிறார். மூடியின் விளிம்பில் வெண்மை பூத்திருக்கிறதா, தலையில் பழைய வழுக்கலின் தழும்பு இருக்கிறதா, தட்டினால் ஓசை கணீரென்று வருகிறதா, மழுங்கலாக வருகிறதா என்பவற்றிலிருந்து முதல் மூன்று படிகளின் விடை அவருக்குக் கிடைத்துவிடுகிறது. கற்றுக்கொள்பவர் அவருடைய அடியை மட்டும் பார்த்துப் பின்பற்றும்போதுதான் உறை உடைகிறது. விரைவு வரிசைக்குப் பகை என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. வரிசை உடம்பில் ஊறிப்போனதன் வெளித்தோற்றமே அந்த விரைவு.

மூன்றாவது, இந்தப் பேச்சே பழுதுபார்ப்பைப் புனிதமாக்குகிறது என்ற குற்றச்சாட்டு. தோட்டப்புறத்து மக்கள் தேய்ந்த வண்டிகளைத் திரும்பத் திரும்பப் பழுதுபார்த்தது குறைந்த கூலியாலும், பேருந்து எட்டாத தூரத்தாலும். அதை ஒரு கலையாகக் கொண்டாடுவது அந்தக் கூலியை மறைப்பதாகும் என்பார்கள். இதில் உண்மை உண்டு. வறுமை கற்றுத்தந்த திறனுக்காக வறுமைக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் என் வாதம் பணம் இல்லாதவரை மட்டும் சார்ந்ததாக இல்லை. உறையையே மாற்றுவதற்கு வசதியுள்ளவரும் பழைய உறையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றித்தான் ஆக வேண்டும். எஞ்சினையே மாற்றினாலும் அது சட்டத்தோடு பிணைந்திருக்கும் இடத்தில் அதே கேள்வி எழும். முழு வண்டியையும் தூக்கி எறிபவர் மட்டுமே கழற்றும் வேலையிலிருந்து தப்பிக்கிறார். அவருக்கும் அந்த வண்டியைச் செய்து விற்றவருக்கும் இடையில்தான் இப்போது புதிய உறவு ஒன்று உருவாகி வருகிறது. கைப்பேசியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்: ஐபோன் 4 காலத்திலிருந்து ஐபோன்களில் ஐந்து இதழ் கொண்ட திருகாணித் தலை வந்தது, சாதாரணக் கருவிப்பெட்டியில் அதற்கான முனை இருக்காது. ரெங்கத்து மண்ணும் மழையும் இறுக்கியதற்கு யாரும் பொறுப்பில்லை, வடிவமைப்பு மேசையில் இறுக்கியதற்குப் பொறுப்பானவர் இருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு சட்ட ஆணையை நிறைவேற்றியதற்கு, இந்த இரண்டாவது வகை இறுக்கம் வளர்ந்துகொண்டே போவதும் ஒரு காரணம்.

பொறுப்பு என்று வந்துவிட்டால் அது பெரிய நிறுவனங்களோடு நிற்காது. திருகாணியைத் திரும்பப் போடும் ஒவ்வொரு கைக்கும் அதில் பங்குண்டு. மரையைத் துடைத்து, பிடிப்புத் தடுக்கும் பசையைச் சிறிது தடவிப் போட்டால் அடுத்தவருக்கு வேலை எளிது என்பது சரி. ஆனால் பசை உராய்வைக் குறைக்கிறது. முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கை உராய்வு தின்றுகொண்டிருந்த இடத்தில் அது குறைந்தால், அதே 10 நியூட்டன் மீட்டர் இப்போது இன்னும் அதிக இழுவையாக மாறும். வழக்கம்போல் மணிக்கட்டு சொல்லும்வரை முடுக்கினால் அலுமினிய மரை உரிந்து வந்துவிடும். அடுத்தவருக்கு உதவ எண்ணிச் செய்ததே அவருக்குப் பெரிய பழுதாகிவிடும். பசை போட்டவர் முறுக்கையும் குறைக்க வேண்டும். ஆகவே கழற்றும் வரிசை கழற்ற வருகிறவரிடம் தொடங்குவதில்லை. திரும்பப் பெற முடியாத முதல் செயல், முடுக்கும்போது கொடுக்கும் அந்தக் கடைசிக் கால்சுற்று. அதைக் கொடுக்காமல் நிறுத்தத் தெரிந்தவர், தான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒருவருடைய வேலையில் பாதியை முன்கூட்டியே முடித்துக் கொடுத்துவிடுகிறார்.